உப்புக்காற்றுக் கரையில் போன்சாய்க்கு விதை முளைக்கவைப்பது: நான் எங்கே தவறுகிறேன்?

புதுமடம் மாடி

அனைவருக்கும் வணக்கம். விதையிலிருந்து ஒரு மரத்தை எழுப்பி, அதைப் போன்சாயாக வளர்க்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக முயன்றுவருகிறேன். இதுவரை ஒரு நாற்றைக்கூட ஆறு இலைகளைத் தாண்டிக் கொண்டுசெல்ல முடியவில்லை. எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தெற்குப் பார்த்த மொட்டைமாடி. நாள் முழுவதும் வெயில் விழும்.

சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "போன்சாய் விதை" என்று அச்சிட்ட நான்கு பொட்டலங்களை வாங்கினேன். இரண்டில் ஜப்பானியக் கறுப்புப் பைன், ஒன்றில் ஜப்பானிய மேப்பிள். நான்காவதில் படம் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. கறுப்புப் பைன் அந்நாட்டில் கடற்கரையோரம் வளரும் மரம் என்று படித்திருந்ததால் நம் கரைக்கும் ஒத்துவரும் என்று நம்பினேன். கடற்கரை மணலையும் செம்மண்ணையும் சம அளவில் கலந்து, ஆழமில்லாத போன்சாய்த் தட்டிலேயே விதைத்து, வீட்டுக் கிணற்று நீரை ஊற்றினேன். 60 நாள் காத்திருந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது விதைகள் நசுங்கிக் கூழாகிக் கிடந்தன.

அதன்பின் வீட்டுப் புளியிலிருந்து எடுத்த 20 விதைகளை அதே கலவையில் ஊன்றினேன். 11 முளைத்தன. பத்து நாளுக்குள் அவற்றில் ஒன்பது, மண்ணை ஒட்டிய தண்டுப்பகுதி பழுப்பாகிச் சுருங்கி, ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. மிஞ்சிய இரண்டும் மஞ்சளாக நிற்கின்றன. இலை நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. விதையில் குறையா, என் கையில் குறையா, அல்லது இந்தக் கரையில் இது நடக்காத காரியமா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேவிபட்டினம் குடைவேல்

தம்பி, கட்டாயம் நடக்கக்கூடிய காரியம்தான். உங்கள் பதிவில் வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பொட்டலங்களைப் பற்றி. போன்சாய் விதை என்று தனியாக ஒரு விதை கிடையாது. அச்சொல்லுக்குத் தட்டில் நட்டது என்பதுதான் பொருள். எந்த மரமாக இருந்தாலும் அதன் சாதாரண விதைதான் முளைக்கிறது. வேரையும் கிளையையும் ஆண்டுக்கணக்கில் கவாத்துச் செய்து, சிறிய தொட்டியில் வைத்துப் பேணுவதால்தான் மரம் சிறியதாக நிற்கிறது. அந்தப் பெயரைப் போட்டு விற்பவரிடம் இனி விதை வாங்காதீர்கள். கறுப்புப் பைன் விதைக்கு ஈரத்தோடு ஒன்றிரண்டு மாதக் குளிரும், மேப்பிளுக்கு மூன்று நான்கு மாதக் குளிரும் கொடுத்தால்தான் உறக்கம் கலைந்து ஒழுங்காக முளைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அந்தக் குளிரைக் கொடுத்துவிடலாம் என்றாலும், முளைத்த பிறகு அம்மரங்களுக்கு ஆண்டுதோறும் குளிர்கால ஓய்வு வேண்டும். மார்கழியில்கூடப் பாம்பனில் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கறுப்புப் பைன் கடற்கரை மரம் என்று நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அது நிற்கும் கரைகளில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது.

அடுத்தது மண்ணும் தண்ணீரும். உங்கள் புளிக்கன்றுகளைப் பெரும்பாலும் கெடுத்தவை இவை இரண்டுதாம் என்பது என் கணிப்பு. கடற்கரை மணலில் உப்போடு சிப்பித்தூளும் இருக்கிறது. உப்பைப் பலமுறை அலசிப் போக்கிவிடலாம். சிப்பித்தூள் சுண்ணாம்பு, அதை அலசிப் போக்க முடியாது. சுண்ணாம்பு மிகுந்த கலவையில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் நிற்பது அதன் அடையாளம். கிணற்று நீரை, அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மானியில் ஒருமுறை அளந்து பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நாம் அந்த 2000 தண்ணீரைக் குடித்துப் பழகிவிட்டோம். முளைவிடும் விதை அதில் தவித்துப்போகும். விதை முளைப்பதற்கு முதலில் நீரை உறிஞ்சி உப்ப வேண்டும். சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்திருந்தால் அந்த நீர் விதைக்குள் இறங்கத் தயங்கும். அப்படியே முளைத்தாலும், வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணில் தங்குவதால், இளந்தண்டு மண்ணைத் தொடும் இடத்தில்தான் உப்பு மிகுதியாகச் சேர்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தண்டு பழுப்பாகிச் சாய்ந்தது நாற்றழுகல். மண்ணில் உள்ள பூஞ்சைகளால் வருவது. ஆழமில்லாத தட்டில் நீர் தேங்கி, வடியாமல், காற்றோட்டமும் குறைந்திருந்தால் அது ஒரு வாரத்தில் ஒரு தட்டு முழுவதையும் சாய்த்துவிடும். சாய்ந்த கன்றை எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. வராமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடியும். பழைய கலவையை மறுபடியும் பயன்படுத்தாதீர்கள். தட்டைக் கழுவி மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

நான் பயன்படுத்தும் கலவையில் மூன்று பங்கு உடைத்த ஓட்டுச்சில்லு, ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம் இருக்கும். இடிந்த வீட்டின் நாட்டு ஓட்டை உடைத்து, இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் வரையுள்ள சில்லை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு, தூசியைக் கழுவிவிடுவேன். நார்க்கழிவை மட்டும் நம்பி அப்படியே போட்டுவிடாதீர்கள். உப்புத்தண்ணீரில் மட்டை ஊறவைக்கும் இடங்களிலிருந்து வரும் நார்க்கழிவில் உப்பு ஏறியிருக்கும்; நல்ல தண்ணீரில் மூன்று முறையாவது ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

இனி எந்த மரம் என்ற கேள்வி. என் மனத்துக்கு நெருக்கமானது குடைவேல். என் பெயரிலேயே வைத்திருக்கிறேன். நம் இராமநாதபுரம் மாவட்டத்துச் செம்மணல் தேரியிலும் தரிசிலும் தட்டையான குடை விரித்து நிற்கும் அந்த உடைமரத்தை விடப் போன்சாய்க்கு ஏற்ற வடிவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இலை ஏற்கெனவே பொடியிலை. தண்டு இயல்பாகவே கோணி வளரும். காற்றையும் வறட்சியையும் தாங்கும். விதைத்தோல் மட்டும் கல்போல இருக்கும். கொதிக்கும் நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதைகளின் மேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு, இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். அடுப்பின் மேல் விதையை வேகவைத்துவிடக் கூடாது. காலையில் கிண்ணத்தைச் சாய்த்தால் விதைகள் இரண்டு வகையாகப் பிரிந்திருக்கும். நீர் இறங்கியவை இரு மடங்காகப் பருத்து, தோல் நெகிழ்ந்து, விரலில் அழுத்தினால் அவித்த பயறு போல இருக்கும். இறங்காதவை கிண்ணத்தின் அடியில் கூழாங்கல் போலக் கிணுகிணுக்கும். பருத்தவற்றை அன்றே ஊன்றிவிட்டு, மற்றவற்றுக்கு மறுபடியும் வெந்நீர் ஊற்றுங்கள். ஓட்டை விழுந்த விதை வண்டு தின்றது, ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வேலையை நமக்காக ஆடே செய்துவைத்திருக்கும். ஆடு மேய்க்கும் கீதாரிகள் துறட்டியால் உலுக்கிப்போடும் வேல நெற்றுகளை ஆடுகள் தின்று, அசைபோடும்போது விதைகளைப் பட்டியில் துப்பிவிடும். சில புழுக்கையோடும் வெளிவரும். ஆட்டின் வயிற்றில் ஊறி வந்த விதையின் தோல் இளகியிருப்பதால், ஒருநாள் ஊறவைத்தாலே பெரும்பாலும் முளைத்துவிடும். நாற்றங்கால் போடுபவர்கள் முற்காலத்தில் கருவேல விதையை ஆட்டுப்பட்டியிலிருந்துதான் சேகரித்தார்கள். நானும் கிடை போட்ட நிலத்தில் கேட்டு வாங்கித்தான் எடுத்தேன்.

உச்சிப்புளி நாற்றங்கால்

அண்ணன் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். பைன் ஆசைப்பட்ட தம்பிக்கு ஒரு செய்தி: பைனின் தோற்றம்தான் வேண்டும் என்றால் சவுக்கை முயன்று பாருங்கள். தைவானிலும் இந்தோனேசியாவிலும் சவுக்குப் போன்சாய்க்குப் பெரிய மதிப்பு உண்டு. பார்ப்பதற்கு ஊசியிலை போலத் தெரிவது இலையே அன்று. அது கணுக்கணுவான பச்சைக்குச்சி. ஒரு குச்சியை இழுத்துக் கணுவில் பிரித்துப் பாருங்கள். அந்தக் கணுவைச் சுற்றிச் சீப்புப்பல் போல நிற்கும் சின்னஞ்சிறு செதில்கள்தாம் உண்மையான இலைகள்.

காய் பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும்போது பறித்து, செய்தித்தாளில் பரப்பி வெயிலில் வைத்தால், இரண்டு மூன்று நாளில் வாய் திறந்து, இறகு வைத்த பொடி விதைகளைக் கொட்டும். காற்றில்லாத இடத்தில் உலர்த்துங்கள். நம் ஊர் ஆடிக் காற்றில் வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஈரமான கலவையின் மேல் தூவி, விதை கண்ணுக்கு மறையும் அளவுக்கு மட்டும் சலித்த மணலை மேலே தெளித்தால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். எறும்புதான் இதற்குப் பெரிய எதிரி. ஒருமுறை மாலையில் தூவிய தட்டைக் காலையில் பார்த்தபோது, சுவர் ஓரமாக விதைகள் வரிசையாக நடந்துபோய்க்கொண்டிருந்தன. அன்றிலிருந்து தட்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சவுக்கின் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துத்தரும் நுண்ணுயிர் வாழ்கிறது. அதனால் வளர்ந்த சவுக்கு மரத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நாற்றுத்தட்டில் கலப்பது என் வழக்கம். கலந்த தட்டில் கன்று கரும்பச்சையாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

விதைக்கும் பருவத்தைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. என் அனுபவத்தில் தை மாதமே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் மழை கொட்டினால் ஒரே இரவில் கொட்டித் தீர்த்துவிடும். திறந்த மாடியில் இருக்கும் நாற்றுத்தட்டு குளமாகிவிடும்.

தேவிபட்டினம் குடைவேல்

தையில் விதைத்தால் கன்று வேர்பிடிப்பதற்குள் கத்திரி வெயில் வந்துவிடுகிறதே. நான் ஆவணியில் விதைக்கிறேன். அதற்குள் ஆடியில் வீசும் சோழகக் காற்றின் வேகம் தணிந்திருக்கும்; மழை தொடங்கும்போது கன்றுக்கு நான்கைந்து இலை இருக்கும்; பிறகு கிடைப்பதெல்லாம் மழைநீர், உப்பில்லாத நீர். தட்டுக்கு மேலே கூரை இல்லாதவர்களுக்கு உங்கள் கணக்கு சரி என்பதை ஏற்கிறேன். எனக்கு ஓர் ஓலைத் தாழ்வாரம் இருக்கிறது.

கீழக்கரை மாடித்தோட்டம்

நான் ஆல், அரசு, இத்தி ஆகிய மூன்றையும் விதையிலிருந்து எழுப்பியிருக்கிறேன். இவற்றின் விதை கடுகை விடச் சிறியது. முதலில் பழத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தி இனத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் உரிய குளவி பழத்துக்குள் நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை உயிருள்ளதாக இருக்கும். அந்தக் குளவி இல்லாத அயல்நாட்டு வகைகளை அழகுக்காக வாங்கி வளர்த்து, அவற்றின் பழத்திலிருந்து விதை எடுக்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். நம் ஊர் ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் அந்தக் குறை இல்லை.

நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழத்தை ஒரு கிண்ணத் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதை வடித்து, அடியில் தங்கும் விதைகளை மட்டும் மெல்லிய துணியில் எடுப்பேன். பழைய சுட்ட செங்கல் ஒன்றை நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரம் நீர் வைத்து, அதில் நிறுத்தி, செங்கல்லின் சொரசொரப்பான மேல்பக்கத்தில் விதையைத் தடவிவிடுவேன். மண்ணால் மூடக் கூடாது. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே ஒரு கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து, வெயில் நேரடியாக விழாத சன்னலோரம் வைத்துவிட்டால், செங்கல் கீழிருந்து நீரை இழுத்து எப்போதும் ஈரமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் செங்கல்லின் மேல் பச்சைப் பொட்டுகள் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு வட்ட வித்திலைகள். அவற்றின் நடுவே ஊசிமுனை அளவுக்குச் சிவந்த குருத்து. வேர் செங்கல்லின் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். சுவரில் காக்கை எச்சத்திலிருந்து அரசு முளைப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர்கள்தாமே நாம். அதைத்தான் வீட்டுக்குள் செய்கிறேன். நான்காவது இலை வந்தபின் ஓட்டுச்சில்லுக் கலவைக்கு மாற்றலாம்.

வேம்பையும் பலர் கேட்பார்கள். அதன் விதைக்கு உயிர் சில வாரங்களே. ஆனி, ஆடியில் விழும் பழத்தின் சதையை அன்றே கழுவி நீக்கி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, அந்த வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். பொட்டலத்தில் கட்டி அடுத்த ஆண்டுக்கு வைத்தால் முளைக்காது.

தண்ணீருக்கு என் வழி: அறைக் குளிரூட்டியிலிருந்து (ஏசி) சொட்டும் நீரைக் குடத்தில் பிடித்துவைக்கிறேன். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு வராத நாள்களில் நாற்றுகளுக்கு அதுதான் உணவு.

தொண்டி வாடைக்காற்று

எனக்கு இரண்டு கேள்விகள். நம் மாவட்டத்து அடையாளம் பனை. பனையைப் போன்சாயாக்கியவர்கள் யாரேனும் இருக்கிறார்களா? பிலிப்பைன்ஸிலும் தைவானிலும் போற்றப்படும் பெம்பிஸ் அசிடுலா என்ற செடி மன்னார் வளைகுடாத் தீவுகளில் இருப்பதாக அறிந்தேன். படகு வைத்திருக்கும் உறவினர் மூலமாக அதன் விதையையோ சிறு கன்றையோ எடுத்துவர முடியுமா என்று யோசிக்கிறேன்.

தேவிபட்டினம் குடைவேல்

பனை முடியாது, தம்பி. பனைக்குப் பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போகும் அடுக்கு இல்லை, கிளையும் விடாது, இருக்கும் ஒரே குருத்தைக் கிள்ளினால் மரமே இறந்துவிடும். கவாத்துச் செய்து வடிவம் கொண்டுவரும் வேலைக்கு அதில் இடமே இல்லை. ஆனால் விதை முளைக்கவைக்கும் கலையைப் பனங்கிழங்குப் பாத்தியில் நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். புரட்டாசி, ஐப்பசியில் மேடான மணலில் கொட்டைகளை அடுக்கி மூடி, தையில் தோண்டுகிறார்கள். நீர் தேங்காத மேடு, காற்றுப் புகும் மணல், மழையை ஒட்டிய பருவம் என்று நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் எல்லாமே அந்தப் பாத்தியில் இருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தயவுசெய்து அந்த யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கிருந்து ஒரு செடியையோ விதையையோ எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் உறவினரின் படகும் பறிபோகக்கூடும். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், பவளப்பாறைச் சுண்ணாம்பில் வேரோடி, அலையின் உப்பைத் தாங்கி, மணலைப் பிடித்து நிற்கும் செடி அது. நம் பக்கத்தில் அரிதாகிவிட்டது. பிற நாடுகளில் போன்சாய்க்காகவே அதைக் கரையிலிருந்து பெயர்த்தெடுத்துக் குறைத்துவிட்டார்கள். பெயர்த்தெடுத்த கிழமரம் தொட்டியில் பிழைப்பதும் எளிதன்று. இந்தப் பேச்சை இங்கே வளர்க்க வேண்டாம் என்று மூத்தவன் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன்.

தொண்டி வாடைக்காற்று

புரிந்தது ஐயா. அந்தத் தீவுகளின் நிலை இவ்வளவு கடுமையானது என்று எனக்குத் தெரியாது. கேள்வியை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரில் புன்னை மரம் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

உச்சிப்புளி நாற்றங்கால்

புன்னைக்கொட்டையின் ஓட்டைப் பருப்பு நசுங்காமல் உடைத்து நீக்கிவிட்டு ஊன்றுங்கள். ஓட்டோடு ஊன்றினால் இரண்டு மாதம்கூட ஆகும். நீக்கினால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முளைத்துவிடும். இலை சற்றுப் பெரியது என்பதால் மிகச்சிறிய மரமாக்க எண்ணாதீர்கள். இரண்டடி உயரத்தில் அது அழகாக நிற்கும்.

புதுமடம் மாடி

எல்லோருடைய பதிவையும் இரண்டு மூன்று முறை படித்தேன். கிணற்று நீரை அளந்தேன்: 1900-ஐத் தாண்டியது. அந்தத் தண்ணீரையா இத்தனை நாள் ஊற்றினோம் என்று வருந்தினேன். ஓட்டுச்சில்லு உடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள். புளிவிதைக்கும் வெந்நீர் வேண்டுமா? போன்சாய்த் தட்டிலேயே விதைத்தது தவறா? சிறிய தொட்டியில் தொடங்கினால்தானே மரம் சிறியதாக இருக்கும்?

தேவிபட்டினம் குடைவேல்

புளிக்கு வெந்நீர் தேவையில்லை. விதை முளைவிடும் காம்புப்பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தில் உப்புத்தாளால் தேய்த்து, பழுப்புத் தோலுக்கு அடியில் வெள்ளை தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, ஒருநாள் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். விதையின் பருமனைப் போல ஒன்றரை மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். முளைத்து வரும்போது பருத்த வித்திலைகள் இரண்டும் விதைத்தோலைத் தொப்பிபோலத் தூக்கிக்கொண்டு மேலே வரும். அது கழன்று விழுவதற்குள் நாம் பொறுமையிழந்து இழுத்துவிடுவோம். பலர் கன்றைக் கொல்வது அந்த இடத்தில்தான். வித்திலையும் சேர்ந்து ஒடிந்துவிடும். காலையில் தெளிப்பானால் தோலை நனைத்துவிட்டால் தானே கழன்றுகொள்ளும்.

தட்டில் விதைத்தது தவறுதான். அடிமரம் தடித்த பிறகுதான் தட்டுக்கு மாற்ற வேண்டும். தட்டில் வளர்ச்சி நின்றுவிடுவதால், அங்கே தொடங்கும் கன்று பத்து ஆண்டுக்குப் பிறகும் பென்சில் தடிமனில்தான் நிற்கும். முதலில் ஆழமான தொட்டியிலோ தரையிலோ சில ஆண்டுகள் ஓடி வளரட்டும்.

விதையிலிருந்து தொடங்குவதன் பயன் வேரில்தான் இருக்கிறது. பெயர்த்தெடுத்த மரத்திலோ பதியனிலோ வேர் எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். விதைக்கன்றில் அந்த அமைப்பை முதல் மாதத்திலிருந்தே நாமே தீர்மானிக்கலாம். வித்திலைகளுக்குப் பின் வரும் நான்காவது உண்மையிலை விரிந்ததும் கன்றைக் கலவையிலிருந்து மெல்ல உருவி, ஆணிவேரை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் விட்டுவிட்டுக் கூர்மையான பிளேடால் வெட்டி, மறுபடியும் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வைத்தால், வெட்டிய இடத்தைச் சுற்றிப் பக்கவேர்கள் எல்லாத் திசையிலும் கிளம்பும். இருபது ஆண்டு கழித்து மரத்தின் அடியில் நட்சத்திரம் போல விரிந்து தெரியப்போகும் வேர்கள் அன்றைக்கு வந்தவைதாம்.

உச்சிப்புளி நாற்றங்கால்

இதில் நான் மாறுபடுகிறேன் அண்ணன். புளி வெட்டைத் தாங்கும் என்பது உண்மை. குடைவேலையும் மற்ற வேல மரங்களையும் அந்த வயதில் வெட்டினால் பாதிக்கு மேல் இழந்துவிடுவோம்; என் தட்டில் அப்படி ஒருமுறை 30 கன்றில் 19 போயின. வெட்டுவதற்குப் பதிலாக, குப்பி மூடியின் நடுவில் துளையிட்டு, தண்டை அதன் வழியாக விட்டு, மூடிக்குக் கீழே வேரும் மேலே மண்ணுமாக நட்டுவிட்டால், தண்டு தடிக்கும்போது துளை இறுக்கி, மூடிக்கு மேல்பக்கமாகப் புதுவேர்கள் படர்ந்து வரும். ஒன்றிரண்டு ஆண்டு கூடுதலாகும், கன்று சாகாது.

தேவிபட்டினம் குடைவேல்

சரியான திருத்தம். என் குடைவேல்களில் இப்போது நிற்பவற்றை எண்ணிப் பார்த்தேன். வெட்டியவற்றில் பிழைத்தவை குறைவுதான். அவற்றுக்கு மூடி வழியே நல்லது என்று ஏற்கிறேன். தம்பி, புளிக்கு வெட்டு, குடைவேலுக்கு மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை மாடித்தோட்டம்

மாடியில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதி வெயிலை வடிகட்டும் பச்சை நிழல்வலையை மேலே மட்டும் கட்டாமல் தெற்குப் பக்கத்திலும் தொங்கவிடுங்கள். உப்புச்சாரல் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. காற்று ஓங்கி வீசிய நாளின் மாலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட்டால் ஓரம் கருகுவது நிற்கும். தட்டைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் உயர்த்தி வையுங்கள். மதியம் அந்தத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாதபோது இளவேர் எப்படித் தாங்கும்?

புதுமடம் மாடி

ஆவணி இரண்டாம் வாரம் விதைத்தேன். இப்போது கார்த்திகை பாதி. தேய்த்து ஊறவைத்த 20 புளிவிதைகளில் 17 முளைத்தன. முதல் விதை எட்டாம் நாளும் கடைசி விதை பத்தொன்பதாம் நாளும் மண்ணைப் பிளந்தன. நாற்றழுகலில் ஒன்றுகூடப் போகவில்லை. மேல்மண் உலர்ந்தபின் மட்டுமே, குளிரூட்டி நீரை மெல்லிய பூவாளியால் ஊற்றினேன். விதைத்தோல் தொப்பியை இழுத்து இரண்டு கன்றுகளை நானே ஒடித்துவிட்டேன். ஐயா எச்சரித்தும் கை நிற்கவில்லை. மீதம் 15. அவற்றில் ஆறுக்கு ஆணிவேரை வெட்டினேன், ஆறும் பிழைத்தன. நேற்று ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தபோது வெட்டுவாயைச் சுற்றி ஏழு வெள்ளைவேர்கள், நூல் கனத்தில், ஒன்றையொன்று தொடாமல் நான்கு பக்கமும் இறங்கியிருந்தன. மாலை ஆனதும் இலைகள் கைகூப்பியதுபோல மடங்கிக்கொள்வதைப் பார்க்க என் மகள் தினமும் மாடிக்கு வருகிறாள். செங்கல் முறையில் வைத்த அரசும் பொட்டுப்பொட்டாக வந்திருக்கிறது, அக்கா.

தண்டு இன்னும் பச்சையாக வளைகிறது. இப்போதே கம்பி சுற்றி வளைவு கொடுக்கலாமா? குடைவேல் விதையை எங்கே தேடுவது என்றும் தெரியவில்லை.

தேவிபட்டினம் குடைவேல்

15 கன்று என்பது நல்ல எண்ணிக்கை. அத்தனையையும் வைத்துக்கொள்ளுங்கள், எது நல்ல மரமாகும் என்று இப்போது தெரியாது. கம்பிக்கு அவசரம் வேண்டாம். அடித்தண்டு பழுப்பேறத் தொடங்கும்போது, மாசி வாக்கில், மெல்லிய அலுமினியக் கம்பியைத் தளர்வாகச் சுற்றி, அடியிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் முதல் வளைவைக் கொடுங்கள். தடித்தபின் அந்த இடத்தை வளைக்க முடியாது. வாரம் ஒருமுறை பார்த்து, கம்பி தோலில் பதியும் முன் அவிழ்த்துவிடுங்கள். ஆணிவேர் வெட்டாத ஒன்பதையும் தையில் ஒரு முழ ஆழத் தொட்டிகளுக்கு மாற்றி, நுனியைக் கிள்ளாமல் விடுங்கள்.

குடைவேல் விதைக்கு அலைய வேண்டாம். போன மாதம் கிடையில் பொறுக்கியது இரண்டு சிரட்டை நிறைய இருக்கிறது. வண்டு தின்றதைப் பொறுக்கிவிட்டு, வேப்பிலையோடு உலர்த்தித் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் நவபாஷாணக் கோயிலுக்கு வரும்போது தனிச்செய்தியில் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். தொண்டித் தம்பிக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தொண்டி வாடைக்காற்று

நன்றி ஐயா. புன்னை மூன்று முளைத்திருக்கிறது. ஓடு நீக்கியவை மூன்றும். ஓட்டோடு வைத்த இரண்டும் இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.